மெதுவான குண்டு ஏன் நேராகப் போகிறது?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கும், என்.சி.சி. மாணவர்கள் தரையில் படுத்துச் சுடும் துப்பாக்கிக்கும் பூர்வீகம் ஒன்றுதான். இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற இடத்தில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. 1890-களில் ரெட்டிச் ஊரைச் சேர்ந்த ஒரு கம்பெனி, அந்தத் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரி பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. பீரங்கிச் சின்னமும், துப்பாக்கியைப் போலவே செய்தது என்ற விளம்பர வாசகமும் அப்படி வந்தவை. 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. புல்லட் வண்டி வடசென்னைக்குச் சொந்தமானது. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டையும் (குழலின் பின்வாயை மூடும் நகரும் பாகம்) அதே என்ஃபீல்டு தொழிற்சாலையின் குழலையும் சேர்த்து 1895-ல் உருவானது லீ-என்ஃபீல்டு ரைஃபிள். அதன் குழல் துளையைச் சிறிதாக்கிய பயிற்சி வடிவத்தைத்தான் நம் ஊர்ப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல தலைமுறைகளாக 'பாயின்ட் டூ டூ' என்று அழைத்து, 25 கெஜத் தொலைவில் சுட்டுப் பழகினார்கள்.

அந்தப் பாயின்ட் டூ டூவில் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் பார்ப்பது வேறு வகை. விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும். காலிக்கூடு தானாகவே வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். இதுதான் செமி ஆட்டோமேட்டிக். மணலியிலோ எண்ணூரிலோ இருந்துகொண்டு இலக்கு சுடுவதில் புதிதாக ஆர்வம் கொள்பவர் முதலில் கேட்பது, சிக்காமல் ஓடும் நல்ல செமி ஆட்டோமேட்டிக் .22 எது என்றுதான். துப்பாக்கியின் பெயரைச் சொல்லி இதற்குப் பதில் முடித்துவிட முடியாது. பதில் தோட்டாவின் விளிம்பில் இருக்கிறது.

ஒரு .22 தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் சுண்டுவிரலின் பாதிகூட இருக்காது. பித்தளைக் கூட்டின் நீளம் 15.6 மில்லிமீட்டர். அதன் வாயில் செருகியிருக்கும் ஈயக் குண்டு 5.6 மி.மீ. விட்டம், 2.6 கிராம் எடை. கூட்டின் அடியில் மெல்லிய தட்டுப் போல ஒரு விளிம்பு வெளியே நீண்டிருக்கும். அந்த விளிம்பு வெறும் மடிப்பு அல்ல, உள்ளே பொள்ளலானது. தட்டினால் தீப்பற்றும் ரசாயனக் கலவை அதற்குள் இருக்கிறது. தயாரிக்கும்போது ஈரக் கலவையை ஒரு பொட்டுப் போலக் கூட்டின் அடியில் வைத்து, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். கலவை நாலாபக்கமும் ஓடி விளிம்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும் இடத்தில் தீப்பொறி கிளம்பி, உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். சுட்டு முடித்த காலிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தால் விளிம்போரத்தில் சிறு பள்ளம் ஒன்று தெரியும். அதுதான் ஊசி அடித்த இடம்.

சுழற்சியில் கலவை எங்காவது விட்டுப்போனால், ஊசி சரியாக அந்த வெற்றிடத்தில் விழுந்தால், குண்டு போகாது. நடுவில் தனியாகப் பற்றுக்குப்பி வைத்த பெரிய தோட்டாக்களைவிட .22 தோட்டாவில் இந்தக் கோளாறு சற்று அதிகம். ‘டொக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டால் துப்பாக்கியை உடனே திறக்கக் கூடாது. குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். இதைப் பயிற்சியாளர்கள் முதல் நாளே அழுத்திச் சொல்வார்கள். சொல்லாத இடத்தில் கற்றுக்கொள்ளவே வேண்டாம்.

விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் இந்த வகைத் தோட்டா கடைசிவரை சிறியதாகவும், சாந்தமானதாகவும், மலிவானதாகவும் இருந்துவிட்டது. 1845-ல் பாரிசில் ஃப்ளோபெர் என்பவர் இதற்கு வழி காட்டினார். அவருடைய தோட்டாவில் வெடிமருந்தே கிடையாது. பற்றும் கலவை ஒன்றே சிறு ஈய உருண்டையைத் தள்ளியது. வசதியானவர்கள் வீட்டுக் கூடத்திலேயே இலக்கு வைத்துச் சுட்டார்கள். 1857-ல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் .22 ஷார்ட், 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனியின் .22 லாங் ரைஃபிள் என்று அது வளர்ந்தது. இன்று ஒலிம்பிக்கில் சுடுவதும் அந்த 1887-ம் ஆண்டுத் தோட்டாவின் வாரிசைத்தான்.

இனி செமி ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். கையால் இழுக்காமல் போல்ட் எப்படிப் பின்னால் போகிறது? .22-ல் இதற்கு மோட்டாரோ, சிக்கலான குழாய் அமைப்போ கிடையாது. காசிமேட்டில் கட்டாமல் நிற்கும் சிறு படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நழுவுமே, அதே கணக்குதான். குண்டு முன்னால் போகிற உந்தத்துக்குச் சமமான உந்தம் காலிக்கூட்டின் வழியாகப் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. 2.6 கிராம் குண்டு நொடிக்கு 326 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போல்ட் 180 கிராம் என்றால், உராய்வையும் வாயுவின் பங்கையும் விட்டுப் பார்த்தால், நொடிக்கு ஏறத்தாழ 4.7 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். குண்டு 45 செ.மீ. நீளக் குழலைக் கடந்து வெளியேறும் நேரத்தில் போல்ட் ஆறு, ஏழு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். 15.6 மி.மீ. கூட்டில் பாதிக்கு மேல் அப்போதும் குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள்ளேயே இருக்கும். குண்டு வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடுவதால் மெல்லிய பித்தளை கிழியாமல் தப்பிக்கிறது. போல்ட்டைப் பூட்ட ஒரு கொக்கிகூட இல்லை. அதன் எடைதான் பூட்டு. இவ்வளவு எளிமையான ஒன்று இவ்வளவு நம்பிக்கையாக ஓடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. போல்ட்டைத் தள்ளும் சக்தி முழுவதும் தோட்டாவிலிருந்துதான் வர வேண்டும். வேகமான தோட்டாவில் குண்டு நொடிக்கு 380 மீட்டர் போகும், மெதுவான போட்டித் தோட்டாவில் 326. உந்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைகிறது. போல்ட்டின் இயக்க ஆற்றலோ, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. தனக்குப் பின்னால் உள்ள சுருள்வில்லை முழுதும் அமுக்கும் முன்பே போல்ட் சோர்ந்து திரும்பும். காலிக்கூடு வெளியேறாமல் வாசலில் மாட்டிக்கொள்ளும், அல்லது அடுத்த தோட்டா ஏறாது. துப்பாக்கியைக் குறை சொல்வோம். உண்மையில் அது பசியோடு இருக்கிறது.

இதைத் துப்பாக்கி செய்தவர்கள் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தார்கள். 1903-ல் வின்செஸ்டர் கம்பெனி ஒரு செமி ஆட்டோமேட்டிக் .22 ரைஃபிளைக் கொண்டுவந்தபோது, கடையில் தாராளமாகக் கிடைத்த லாங் ரைஃபிள் தோட்டா அதில் நுழையாதபடி செய்து, அதற்கென்றே தனித் தோட்டா ஒன்றை உருவாக்கியது. அந்தக் காலத்தில் பல .22 தோட்டாக்களில் கரும்புகை மருந்துதான் இருந்தது. அது எரிந்து விட்டுச்செல்லும் கரியும் பிசுக்கும் தானியங்கிப் பொறியை ஓரிரு டஜன் சுற்றுகளிலேயே அடைத்துவிடும் என்ற பயம்தான் காரணம். வாங்குபவர் கைக்குத் தப்பான தோட்டா போகவே கூடாது என்று துப்பாக்கியின் அறையையே மாற்றிவிட்டார்கள்.

விளிம்பு இன்னொரு தொல்லையும் தரும். தோட்டாக்களை மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், மேலே உள்ளது முன்னால் நகராது. 1964-ல் ரூகர் கம்பெனி வெளியிட்ட 10/22 ரைஃபிள் இதற்கு அழகான விடை கண்டது. மேகசினுக்குள் சுழலும் உருளை ஒன்றை வைத்து, பத்துத் தோட்டாக்களுக்கும் தனித்தனிப் பள்ளம் கொடுத்தார்கள். ஒரு விளிம்பு மற்றொன்றைத் தொடவே தொடாது. பல பத்து லட்சம் விற்று, அமெரிக்காவில் இந்த வகைக்கே அது இலக்கணமாகிவிட்டது. யாராவது என்னிடம் ஒரே ஒரு பாகத்தைப் பார்த்து நல்ல செமி ஆட்டோமேட்டிக்கைக் கண்டுபிடி என்றால், குழலை விட்டுவிட்டு மேகசினைத்தான் கேட்பேன்.

சரி, வேகமான தோட்டாவையே போட்டால் போயிற்றே என்று தோன்றும். இலக்கு அதை ஒப்புக்கொள்வதில்லை. இங்கேதான் இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறோம்.

சென்னையில் கோடைக் காலத்தில் காலையில் நிலக்காற்று மேற்கிலிருந்து வரும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிழக்கிலிருந்து திரும்பும். எண்ணூர்க் கடற்கரையிலிருந்து மணலிக்குச் சில கிலோமீட்டர்தான் என்பதால் இந்தத் திருப்பத்தை எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலைப் பக்கம் வேலை பார்ப்பவர்கள் புகைபோக்கியின் புகை சாயும் திசையிலேயே கண்டுகொள்வார்கள். 50 மீட்டர் தொலைவில் இலக்கு. பக்கவாட்டில் நொடிக்கு 3 மீட்டர் காற்று, அதாவது சட்டைக் காலர் அசையும் அளவு. மெதுவான குண்டு இலக்கை அடைய ஏறத்தாழ 0.16 நொடி ஆகும். வேகமான குண்டுக்கு 0.14 நொடி. குறைந்த நேரம் காற்றில் இருப்பதால் வேகமான குண்டுதான் குறைவாக விலகும் என்று யாரும் சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. மெதுவானது ஏறத்தாழ 2.5 செ.மீ. விலகினால், வேகமானது 3 செ.மீ. அளவுக்கு விலகும்.

காரணம் இது. காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போவதில்லை. சுழலும் குண்டு தன் மூக்கைத் தனக்கு எதிரே வரும் காற்றோட்டத்தின் பக்கம் மிகச் சிறிதளவு திருப்பிக்கொள்கிறது. குண்டைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத்தடை அப்போது நேர் பின்னால் இழுக்காமல் ஒரு சாய்வில் இழுக்கிறது. அந்தச் சாய்ந்த இழுப்புதான் விலகல். ஆகவே, குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பது கேள்வி அல்ல. தடையால் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதுதான் கேள்வி. காற்றே இல்லாத வெற்றிடத்தில் 50 மீட்டரைக் கடக்க ஆகும் நேரத்தை உண்மையில் ஆன நேரத்திலிருந்து கழித்தால் வரும் வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். தடை இல்லாவிட்டால் பக்கக்காற்று குண்டை அசைக்கவே முடியாது.

அந்தத் தடை ஒலியின் வேகத்தை ஒட்டித் திடீரென்று ஏறுகிறது. 35 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்கு 352 மீட்டர் போகும். பனிக்காலத்து ஐரோப்பாவில் பூஜ்யம் டிகிரியில் 331 மீட்டர். 380-ல் கிளம்பும் குண்டு ஒலியை முந்தியபடி, முன்னால் அதிர்ச்சி அலையைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஆற்றல் மளமளவென்று கரைந்து, இலக்கை எட்டும் முன்பே ஒலிவேகத்துக்குக் கீழே விழுகிறது. அந்தத் தடுமாற்ற எல்லையைக் கடக்கையில் அதன் நிலைப்பும் சற்றுக் குலையும். 326-ல் கிளம்புவதோ அந்தப் பூஜ்யம் டிகிரிக் குளிரிலும் அந்தச் சுவரைத் தாண்டுவதே இல்லை. போட்டித் தோட்டா செய்பவர்கள் வேகத்தை வேண்டுமென்றே அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். வேகமான .22 சுடும்போது வெடிச் சத்தத்தோடு கேட்கும் சாட்டையடி போன்ற ‘சடக்’, ஒலியைத் தாண்டியதன் அடையாளம்.

2.5 செ.மீ. விலகல் பெரிதா? ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். அடுத்தடுத்த வட்டங்கள் 8 மி.மீ. இடைவெளியில். காலர் அசையும் காற்று பத்தை எட்டாகவோ ஏழாகவோ ஆக்கிவிடும். அதற்கு மேல் புவியீர்ப்பு அந்த 0.16 நொடியில் குண்டைப் பன்னிரண்டரை செ.மீ. கீழே இறக்குகிறது, அதைக் குறிபார்க்கும் கருவியைத் திருத்தி ஈடுகட்டுகிறார்கள். குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளம் 40.6 செ.மீ-க்கு ஒரு சுற்று என்ற கணக்கில் குண்டைச் சுழற்றுவதால், அது நொடிக்கு 800 முறை சுழன்றபடி போகிறது.

ஆக, செமி ஆட்டோமேட்டிக் பொறி கேட்பது வேகமான தோட்டா. இலக்கு கேட்பது மெதுவான தோட்டா. வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத்தான். பிராண்டு பிறகு வரும்.

விளையாட்டு உலகம் இரண்டு விதமாகத் தீர்த்துக்கொண்டது. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் ஐந்து இலக்குகளில் ஐந்து குண்டுகளை 8 நொடியில், பிறகு 6 நொடியில், பிறகு 4 நொடியில் சுட வேண்டும். அங்கே கையால் இழுக்க நேரமில்லை; .22 செமி ஆட்டோமேட்டிக்தான். ஆனால் அந்தப் பிஸ்டலின் போல்ட்டின் எடையும் சுருள்வில்லும் மெதுவான தோட்டாவுக்கென்றே அளந்து செய்தவை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். ரைஃபிள் போட்டி மறுபக்கம் போய்விட்டது: ஒரு நேரத்தில் ஒரே தோட்டா, கையால் ஏற்ற வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், கோலாப்பூர்க்காரரும் அப்போது ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவருமான ஸ்வப்னில் குசாலே மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு, 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். அவர் கையில் இருந்தது அப்படியொரு ஒற்றைத் தோட்டா .22. இந்தப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இரண்டாம் பக்கத்தில்தான் நிற்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டு விதிகளும் செமி ஆட்டோமேட்டிக் சுடுகருவிகளைப் பொதுவாகக் கடுமையான கட்டுப்பாட்டில் வைத்திருக்கின்றன. பொழுதுபோக்குக்கு ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. .22 போல்ட் ரைஃபிளுக்கும் உரிமம் வேண்டும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். அது நியாயமும்கூட. இவ்வளவு சின்னக் குண்டு மேல்நோக்கிச் சுடப்பட்டால் 2 கி.மீ. வரை போகக்கூடியது, மணலியில் எந்தத் திசையில் 2 கி.மீ. அளந்தாலும் அதற்குள் குடியிருப்போ, எரிபொருள் தொட்டியோ, கன்டெய்னர் லாரி வரிசையோ வந்துவிடும். சுடுவதற்கென்று மண்மேடு எழுப்பிய ரேஞ்சைத் தவிர வேறெங்கும் இது வெளியே வரக் கூடாது. சென்னை ரைஃபிள் கிளப் போன்ற சங்கத்தில் சேர்ந்து, 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்குவதுதான் நேர்வழி. சென்னையில் பிறந்த ககன் நாரங் லண்டனில் வெண்கலம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்கள் வென்றதும் ஏர் ரைஃபிளில்தான். அங்கே காற்று வீசாது, வெடிமருந்து கிடையாது, பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர்ப் பொட்டு. விசையை அழுத்தும் விரலின் பிழை அப்பட்டமாகத் தெரியும்.

வடசென்னைக்காரருக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். துருவைப் பற்றி. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்காற்றில் வந்து எஃகின்மேல் படியும் உப்புத்துகளும் அப்படியே ஈரத்தை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிறது. தொழிற்சாலைப் புகையின் கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்தால் அமிலம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியைச் சேர்த்தது. இங்கே ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. விந்தை என்னவென்றால், பழைய காலத் தோட்டாக்கள் இதே வேலையைக் குழலுக்கு உள்ளேயே செய்தன. அவற்றின் பற்றுக்கலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட், எரிந்த பிறகு பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படிந்தது. சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் மறுநாள் குழல் சிவந்துவிடும். 1926-ல் ரெமிங்டன் கம்பெனி உப்பு விடாத புதுக் கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்தத் தொல்லை விலகத் தொடங்கியது.

உள் உப்பு போய்விட்டது, வெளி உப்பு இருக்கிறது. அதனால் ரேஞ்சிலிருந்து திரும்பியதும் கைபட்ட இடமெல்லாம் துடைத்து, மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் விட வேண்டும். வியர்வையும் உப்புத்தான். பஞ்சு, துணி வைத்த உறைக்குள் மூடி வைத்தால் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். செமி ஆட்டோமேட்டிக்காக இருந்தால் எண்ணெயைத் தாராளமாக ஊற்றவும் கூடாது: போல்ட் திறக்கும்போது பின்னால் வரும் கரியும் ஈயத் தூளும் குண்டின்மேல் பூசிய மெழுகும் எண்ணெயில் குழைந்து பசையாகிப் பொறியை நிறுத்திவிடும். இந்த ஈயத்துக்காகவே சுட்டு முடித்ததும் சாப்பாட்டில் கைவைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்; குழந்தைகள் சுடும் இடத்தில் இதில் சலுகையே கூடாது.

செமி ஆட்டோமேட்டிக் .22 சட்டப்படி கிடைக்கும் நாடுகளில் வாழும் தமிழர்கள் சிலர் இதைப் படிக்கலாம். அவர்கள் கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன், அந்தத் துப்பாக்கி எத்தனை வகைத் தோட்டாவில் சிக்காமல் ஓடுகிறது, நொடிக்கு 326 மீட்டர் தோட்டாவைப் போட்டாலும் காலிக்கூடு தெறிக்கிறதா, போல்ட்டைக் கருவி இல்லாமல் கழற்றித் துடைக்க முடிகிறதா, மேகசின் எளிதாகக் கிடைக்கிறதா என்று கேட்டால் போதும். நான்கு ஐந்து வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, ஒரே நாளில், ஒரே தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்தால் துப்பாக்கியே தனக்குப் பிடித்ததைக் காட்டிவிடும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் துப்பாக்கிகள் இரண்டுக்குக்கூட ஒரே தோட்டா பிடிப்பதில்லை.

போட்டி வீரர்கள் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோகிறார்கள். இங்கிலாந்தில் பர்மிங்காமை ஒட்டிய ஈலி, ஜெர்மனியில் ஷோனெபெக் நகரத்து லாபுவா ஆகிய தோட்டாக் கம்பெனிகளில் தனிச் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. வீரர் தன் ரைஃபிளோடு அங்கே போகிறார். காற்று வீசாத 50 மீட்டர்ச் சுரங்கத்தில் குழலை இரும்புத் தாங்கியில் இறுக்கி, ஒரே இயந்திரத்தில் வெவ்வேறு நாட்களில் செய்த லாட்டுகளிலிருந்து பத்துப் பத்தாகச் சுட்டு, எந்த லாட்டின் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றன என்று மின்னணு இலக்கில் அளக்கிறார்கள். பெயரும் விலையும் மருந்தும் ஒன்றாகவே இருந்தும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் வருகிறது. தன் குழலுக்கு ஒத்துவந்த லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணில் இருப்பதை ஒரு பருவத்துக்குப் போதுமான அளவு மொத்தமாக வாங்கிக்கொண்டுதான் அவர் ஊர் திரும்புகிறார்.